குளிக்கும் அறையில் ஒரு கைப்பிடி

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, நண்பர்கள் எல்லோரும் பெரிய பெரிய தலைப்பாகச் சொன்னார்கள். ஒருவன் மெட்ரோ ரயில் சுரங்கம் என்றான், இன்னொருவன் உயரமான கட்டிடங்கள் என்றான். நான் "பாத்ரூம்" என்றேன். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் டிப்ளமோ முடித்ததும் முதல் வேலையாகச் செய்யப்போவது எங்கேயாவது ஒரு பாத்ரூமுக்கு டைல்ஸ் அளவெடுப்பதுதான். ஆகவே, நண்பர்களே, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீடு ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சாமை, புளி, தேன் இதெல்லாம்தான் எங்கள் பக்கத்து வருமானம். புளி சீசனில் மரம் ஏறுவது எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. ஆனால் 2021-ல் எங்கப்பா புளி உலுக்க ஏறியவர் கிளை முறிந்து கீழே வந்தார். முதுகெலும்பில் அடி. உயிர் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, அசைவும் இல்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலி.

மலைக்காரர்கள் வீட்டில் குளியல் என்றால் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலகைக்கல், சுற்றிலும் பழைய சேலை மறைப்பு, விறகடுப்பில் காயும் ஒரு குண்டான் தண்ணீர். அப்பாவை நானும் மாமாவும் தூக்கிக்கொண்டு போய்க் கல்லில் உட்கார வைக்க வேண்டும், அம்மா தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் ஹாஸ்டலுக்கு வந்த பிறகு தூக்க ஆள் இல்லை. அதோடு, வீட்டில் வயசுப் பெண்ணாகத் தங்கச்சி இருக்கிறாள். அப்பா பகலில் குளிப்பதையே விட்டுவிட்டார். நாலு நாளைக்கு ஒரு தரம், ஊர் அடங்கின பிறகு, இருட்டில். மார்கழிக் குளிரில் மலையில் ராத்திரி எட்டு மணிக்கு ஈரத்துணியோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

அந்தத் தடவை லீவுக்குப் போனவன், "நான் சிவில் படிக்கிறேன், நானே சரி பண்ணித் தர்றேன்" என்று இறங்கிவிட்டேன். வீட்டருகே கட்டியிருந்த சின்னக் கழிப்பறையை ஒட்டி ஏற்கெனவே நாலரை அங்குலச் செங்கல் சுவரில் ஒரு குளியலறை இருந்தது. போளூரில் ஒரு கடையில் பளபளவென்று இரண்டடி டவல் ராடு ஒன்று வாங்கினேன். டிரில்லிங் மெஷின் இரவல். நாலு ஓட்டை, நாலு பிளாஸ்டிக் பிளக், நாலு ஸ்குரூ. பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் போட்டு, "இதப் புடிச்சிக்கினு மாறி உக்காருப்பா" என்றேன்.

மூன்றாம் நாள் ராடு கையோடு வந்துவிட்டது. அப்பா பக்கவாட்டில் விழுந்தார். பெரிய காயமில்லை, ஆனால் தொடையில் சிராய்த்தது அவருக்கே தெரியவில்லை. மறுநாள் ரத்தக் கறையை அம்மாதான் பார்த்தாள். அப்பா என்னைத் திட்டவில்லை. "கம்பிய நம்பிட்டேன்டா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பிடுங்கி வந்த ஸ்குரூவைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் நான் பரிட்சைக்குப் படித்தது எல்லாம் எங்கே போனது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஸ்குரூவின் நீளம் 35 மி.மீ. பூச்சு 15 மி.மீ. ராடின் தகடு 2 மி.மீ. ஆக, செங்கல்லுக்குள் போனது 18 மி.மீ. மட்டும். அதிலும் இரண்டு ஓட்டை செங்கல்லில் விழவே இல்லை, கலவை இணைப்பில் விழுந்திருக்கிறது. ஈரத் துண்டு தொங்கவிட இது போதும். அறுபது கிலோ மனிதன் தன் உயிரை வைத்துத் தொங்க இது போதாது. டவல் ராடு வேறு, கைப்பிடிக் கம்பி வேறு. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இந்தக் கட்டுரையில் நீங்கள் வேறெதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை அவசரப்படவில்லை. அப்பா சில வாரம் வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு மையத்தில் இருந்தவர். அங்கே அவருக்கு நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்த மையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவர். அதற்குப் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-ல் பாகாயத்தில் அந்த மையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ. நாற்காலியில் இருக்கிறவருக்கு என்ன வேண்டும் என்பது நாற்காலியில் இருந்தவரால் யோசிக்கப்பட்ட இடம் அது.

அங்கே கற்ற வித்தையை அப்பா எனக்குச் செய்து காட்டினார். அப்போதுதான் என் அடுத்த தப்பு புரிந்தது. அவர் கம்பியைப் பிடித்து இழுத்து எழுவதில்லை. இரண்டு கையையும் கீழே ஊன்றி, உடம்பைத் தூக்கி, பக்கவாட்டில் நகர்கிறார். அவருக்கு வேண்டியது நெஞ்சு உயரத்தில் ஒரு ராடு அல்ல. இருக்கையைவிடச் சற்று மேலே ஊன்றிக்கொள்ள ஒரு கம்பி. ஆனால் எங்க ஆயாவுக்கு வேண்டியது வேறு. ஆயாவுக்கு முழங்கால் வலி; நின்றுகொண்டு பிடிக்க நட்டுக்குத்தாக ஒரு கம்பி வேண்டும். ஒரே அறை, இரண்டு பேர், இரண்டு விதக் கம்பி. முதலில் ஆளை அளக்க வேண்டும், அப்புறம்தான் அறையை.

அளந்தேன். சக்கர நாற்காலியின் அகலம் 26 அங்குலம். தரையிலிருந்து உட்காரும் பகுதி 19 அங்குலம், அதாவது சுமார் 48 செ.மீ. குளிக்கும் இருக்கையும் அதே உயரம் இருந்தால்தான் மாறுவது சுலபம்; இரண்டு அங்குலம் ஏறினாலும் போகும்போது கஷ்டம், இறங்கினால் வரும்போது கஷ்டம். மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகளிலும் கழிப்பறை இருக்கைக்கு 45 முதல் 48 செ.மீ. என்றுதான் போட்டிருக்கிறது.

இப்போது இருக்கை. பெரிய ஓட்டல்களில், ஆஸ்பத்திரிகளில், சுவரில் மடக்கிவிடும் இருக்கை பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகு, இடமும் மிச்சம். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருக்கையின் ஆழம் 40 செ.மீ. அப்பாவின் எடை 58 கிலோ. நாற்காலியிலிருந்து மாறுகிறவர் முதலில் முன் விளிம்பில்தான் உட்காருவார். அப்போது சுவரிலிருந்து 40 செ.மீ. தள்ளி 58 கிலோ. மேல் போல்ட்டுக்கும் கீழ்ப் போல்ட்டுக்கும் 15 செ.மீ. இடைவெளி என்றால், மேல் போல்ட்டுகளைப் பிடுங்குகிற விசை 58 பெருக்கல் 40 வகுத்தல் 15. சுமார் 155 கிலோ! அதுவும் பொத்தென்று உட்கார்ந்தால், ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் வருகிற 'சடன் லோடு' ஞாபகம் இருக்கிறதா, இரண்டு மடங்கு. 310 கிலோ. நாலரை அங்குலச் சுவரில் இதை நான் மாட்டமாட்டேன். ஒன்பது அங்குலச் சுவராக இருந்து, நல்ல செங்கல்லாக இருந்து, பூச்சைத் தாண்டி ஆழமாக ஆங்கர் போட்டால் யோசிக்கலாம். கான்கிரீட் சுவர் என்றால் கவலையே இல்லை.

இதற்கு ஒரு சுலபமான வைத்தியம் இருக்கிறது. முன்பக்கம் இரண்டு கால் கொடுத்துவிட்டால் போதும். கான்டிலீவர் போய் இரு முனையும் தாங்கிய பீம் ஆகிவிடுகிறது. முன் விளிம்பில் விழும் எடை காலில் இறங்கித் தரைக்குப் போய்விடும். சுவரைப் பிடுங்கும் விசை கிட்டத்தட்ட இல்லை. ஜி.ஐ. பைப்பில் ஃபிரேம், முன்னால் இரண்டு கால், காலுக்கு அடியில் ரப்பர் புஷ், மேலே பி.வி.சி. பலகைகள். செங்கல் வைத்துத் திண்ணையாகவே கட்டிவிடலாமே என்று கொத்தனார் கேட்டார். கட்டலாம், செலவும் குறைவு. ஆனால் திண்ணைக்கு அடியில் குதிகாலை உள்ளே இழுத்துக்கொள்ள இடமில்லை, நாற்காலியின் முன் சக்கரமும் இடிக்கும். வேறு வழியில்லாத வீட்டில் கீழே கொஞ்சம் உள்வாங்கின மாதிரி கட்டச் சொல்லுங்கள், விளிம்பை உருட்டச் சொல்லுங்கள்.

அப்பா மாதிரி உணர்ச்சி இல்லாதவர்களுக்கு இன்னொன்று முக்கியம். கடினமான இடத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் புண் வரும், வந்தது தெரியாது. பலகை இடுக்கில் தோல் மாட்டினாலும் தெரியாது. அதனால் பலகை மேல் தண்ணீர் குடிக்காத ஃபோம் விரிப்பு ஒன்று. குளித்து முடித்ததும் எடுத்துக் காயப்போட்டுவிட வேண்டும்.

கம்பிக்கு வருகிறேன். கைக்குள் அடங்கும் கம்பி 32 முதல் 40 மி.மீ. வரை விட்டம் இருந்தால் நல்லது. இங்கேதான் நம்ம பசங்க ஏமாறுவார்கள். கடையில் "ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப்" என்று கேட்டால் அந்த ஒரு இஞ்ச் உள்விட்டக் கணக்கு. வெளியே அளந்தால் சுமார் 34 மி.மீ. இருக்கும். பிடிக்க அதுதான் சரியான அளவு. "ஒன்றேகால்" வாங்கினால் 42 மி.மீ.; ஆயாவின் கைக்கு அது அடங்காது. கம்பிக்கும் சுவருக்கும் நடுவே 4 முதல் 5 செ.மீ. சந்து. அதைவிடக் குறைந்தால் விரல் நுழையாது. ரொம்பக் கூடினால் வழுக்கும்போது முழங்கையே உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். துருப்பிடிக்காத ஸ்டீல் இன்னும் நல்லது, என் பட்ஜெட்டுக்கு ஜி.ஐ.தான். குளிருக்காகக் கயிறு சுற்றிப் பார்த்தேன், இரண்டு வாரத்தில் பாசி பிடித்து வழவழ என்று ஆகிவிட்டது. அவிழ்த்துப் போட்டுவிட்டேன்.

சுவரில் பிடிப்பது எப்படி? சுவரைப் பார்த்துத்தான் பதில். மெல்லிய செங்கல் சுவரில் விரியும் ஆங்கர் அடித்தால் செங்கல்லே பிளந்துவிடும். ஹாலோ பிளாக்கில் பிடிக்கச் சதையே இல்லை. இந்த மாதிரிச் சுவருக்கு நேர் வழி, சுவரை முழுக்கத் துளைத்து நீளத் திருகுக் கம்பியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் விட்டு, வெளியே ஆறுக்கு ஆறு அங்குலத்தில் 5 மி.மீ. இரும்புத் தகடு வைத்து நட்டு முடுக்குவது. இழுவிசை ஒரு புள்ளியில் விழாமல் தகட்டளவு சுவரில் பரவும். வெளியே பார்க்க அழகாக இருக்காது, இருக்கட்டும். மண் சுவர் வீடு என்றால் சுவரை மறந்துவிடுங்கள். தரையில் ஒன்றரை அடி ஆழம் குழி தோண்டிக் கான்கிரீட்டில் பைப் நட்டு, அதில் குறுக்குக் கம்பி வெல்டிங் செய்ய வேண்டியதுதான். எங்கள் மலையில் இன்னும் பல வீடுகளுக்கு இதுதான் பொருந்தும்.

ஊன்றுகிற கம்பி இருக்கையைவிட 20 செ.மீ. மேலே, கிடையாக. ஆயாவின் கம்பி வாசலுக்குப் பக்கத்தில், நட்டுக்குத்தாக. மாட்டியதும் அப்பாவை விடவில்லை. முதலில் நான் தொங்கினேன், பிறகு என்னைவிட எடை கூடின மாமா தொங்கினார். இரண்டு பேரும் குலுக்கியும் பார்த்தோம். அப்புறம்தான் அப்பா.

கதவு விஷயத்தை நான் கடைசியில்தான் யோசித்தேன், முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். பழைய கதவு உள்பக்கம் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்து கதவில் சாய்ந்துவிட்டால் வெளியே இருக்கிறவர் எவ்வளவு தள்ளினாலும் திறக்காது, தள்ளத் தள்ள விழுந்தவர் மேல்தான் இடிக்கும். ஆகவே கதவு வெளியே திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும், தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் நீக்க வழி இருக்க வேண்டும்.

அகலத்தில் இன்னொரு ஏமாற்று. தச்சரிடம் "மூன்றடிக் கதவு" என்றால் வாசக்காலின் வெளி அளவு மூன்றடி. இரண்டு பக்கமும் சட்டம் மூன்று மூன்று அங்குலம் கழித்தால் 30 அங்குலம். கதவு தொண்ணூறு டிகிரிதான் திறக்கும் என்றால் அதன் தடிப்பும் கழியும், 29-க்குக் கீழே. நாற்காலி 26, அதை உருட்டும் கை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விரல் முட்டி உரசும். நெறிகள் சொல்வது 900 மி.மீ. தடையில்லாத வழி. அதற்கு வாசக்கால் வெளி அளவு மூன்றரை அடி வைத்து, கதவு வெளிச்சுவர் வரை முழுக்க மடிகிற மாதிரி போட்டேன். 42-ல் ஆறு போனால் 36 அங்குலம், அதாவது 914 மி.மீ. பிளைவுட் கதவு அடியில் ஊறி உப்பிவிடும், அதனால் பி.வி.சி. கதவு.

சென்னை, பெங்களூர் என்று வேலைக்குப் போகிறவர்களுக்குக் கண்ணாடிக் கதவு போடும் வேலை வரும். பதப்படுத்திய கண்ணாடியை, அதுதான் டஃபன்ட் கிளாஸ், பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, நொறுங்கிவிடும். கீல், கைப்பிடி ஓட்டை எல்லாவற்றையும் முன்கூட்டியே அளந்து கொடுத்துவிட வேண்டும். சுவர் தூக்கில் இருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமல் அளவு கொடுத்தால் காசு போச்சு. வயதானவர்களுக்கு என்றே இடுப்பளவு உயரத்தில் பாதிக் கதவுகளும் உண்டு. உதவி செய்கிறவர் வெளியே நின்றபடி கை நீட்டிக் குளிப்பாட்டலாம், அவர் நனைய மாட்டார். திறக்கும்போது கதவைக் கொஞ்சம் மேலே தூக்கும் கீல் ஒன்று இருக்கிறது. சாத்தினால் அடி ரப்பர் தரையோடு உட்கார்ந்துகொள்ளும். தண்ணீரும் வெளியே வராது, படியும் வேண்டாம்.

படி என்றதும்தான் ஞாபகம் வருகிறது. தண்ணீர் வெளியே வராமல் இருக்க எல்லோரும் வாசலில் மூன்று அங்குலம் படி வைப்பார்கள். அந்த மூன்று அங்குலம் சக்கர நாற்காலிக்குச் சுவர். படியை உடைத்துவிட்டுத் தரைச் சரிவை 50-க்கு 1 வைத்தேன். ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு 3 செ.மீ. இறக்கம். வடிகால் வாசலில் இருக்கக்கூடாது, தூர மூலையில். சரிவு ரொம்பக் கூடினாலும் ஆபத்து, நாற்காலி தானாக உருளும். டைல்ஸ் போடவில்லை, சிமெண்ட் தரை இறுகும் முன் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துச் சொரசொரப்பாக்கினோம். கொத்தனாருக்குத்தான் மனசே இல்லை, வழவழவென்று தேய்த்தால்தானே அவருக்கு வேலை.

ஷவர் வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் தொட்டி அறைக்கூரை மேல், குழாயைவிட இரண்டு மீட்டர் உயரத்தில். இரண்டு மீட்டருக்கு 0.2 கிலோ அழுத்தம். கை ஷவரில் கண்ணீர் மாதிரிதான் வரும். அதோடு எங்கள் வெந்நீர் விறகடுப்பிலிருந்து வருகிறது, குழாயில் வருவதில்லை. ஆகவே பக்கெட்டும் மக்கும்தான். ஆனால் தரையில் இருக்கிற பக்கெட்டுக்குக் குனிந்தால் அப்பா முன்னால் சரிவார். இடுப்புக்கு வலு இல்லையே! கை எட்டும் இடத்தில் ஒன்றேகால் அடி உயரத்தில் பக்கெட்டுக்கு ஒரு சின்னத் திண்ணை கட்டினேன். எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் பார்க்கவில்லை, அப்பா கேட்டு வாங்கியது. பக்கெட்டில் பச்சைத் தண்ணீரை முதலில், வெந்நீரைப் பிறகு. கால் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

சட்டம் என்றதும் இன்னொன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் சட்டம் 1995-ல் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 44-வது பிரிவுப்படி, அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்கு எந்த நிறுவனத்துக்கும் கட்டிட அனுமதி தரக்கூடாது. நாளைக்கு அந்த வரைபடத்தைப் போடப்போவது நாம்தான். 'டிஸேபிள்டு டாய்லெட்' என்று எழுதி ஒரு கட்டம் போட்டுவிட்டு, அதன் கதவை உள்பக்கம் திறப்பதாக வரைந்த ஷீட்டுகளை நானே பார்த்திருக்கிறேன். முதலாம் ஆண்டில் நான் போட்ட ஷீட்டும் அதில் ஒன்று. தனி வீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே வீட்டுக்காரர் கேட்டால்தான் உண்டு, கேட்கத் தெரிய வேண்டும்.

சாமான் எல்லாம் போளூரிலிருந்து பஸ்ஸில்தான் வந்தது. ஆறடி பைப்புக்குக் கண்டக்டர் லக்கேஜ் போட்டார். மலை வளைவு ஒவ்வொன்றிலும் பைப் உருண்டு ஒரு பெரியவர் காலில் முட்டியது. "எதுக்குப்பா இது?" என்று அவர் கேட்க, நான் சொல்ல, இறங்கும்போது "எங்கூட்டாண்ட ஒரு தரம் வந்து அளந்து பாரு, எங்கம்மாவுக்கு" என்றார். போய்விட்டு வந்தேன். அது மண் சுவர் வீடு. குழி தோண்டும் வேலை இந்த லீவுக்கு.

வேலை முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "யாரும் இங்க நிக்காதீங்க" என்றார். அம்மா வாசலைவிட்டு நகரவில்லை, நான் மட்டும் நகர்ந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் ஒரே ஒரு தரம் சத்தம் வந்தது, அதுவும் சோப்பு எங்கே என்று.

போன மாதம் போனபோது நட்டுகளைச் சோதித்தேன். மேல் நட்டு ஒன்று அரைச் சுற்று தளர்ந்திருந்தது. ஸ்பிரிங் வாஷர் போட்டு முடுக்கிவிட்டு வந்தேன்.